நெட் ஏன் ஸ்லோவாகிறது? முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



"சார், ஃபைல் ஷேரிங் பண்ணினா வீட்டு நெட் ஏன் ஸ்லோவாகுதுன்னு கொஞ்சம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நான் ஒப்புக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். லைன், நெரிசல், காத்திருப்பு என்பதெல்லாம் எனக்குச் சோறு போட்ட விஷயங்கள். இரண்டாவது, இந்தப் பிரச்சினையை நம் வாட்ஸ்அப் குழுவில் கிளப்பிவிட்டதே நான்தான். அதில் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. அதை உங்கள் எல்லோர் முன்னாலும் தீர்த்துவிடுகிறேன்.

நடந்தது இதுதான். சில மாதங்களாக எங்கள் வீட்டில் நெட் சரியாக வேலை செய்யவில்லை. பகலில் வீடியோ கால் திக்கித் திணறும். பேரனின் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் வாய் அசைவார், சத்தம் வராது. குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டிருந்த என் மருமகளுக்கு ஒரு கம்பெனியில் இரண்டாம் சுற்று இன்டர்வியூ வந்தது. பாதியில் படம் அப்படியே நின்றுபோனது. மறுபடி இணைந்தாள், மறுபடி நின்றது. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. நெட்டால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நெட்டால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு கோபத்தில் குழுவில் எழுதினேன்: "மூன்றாவது மாடி பேச்சலர் பசங்க ராத்திரி பகலா படம் டவுன்லோடு பண்றாங்க. அதனாலதான் பிளாக் முழுக்க நெட் ஸ்லோ." உங்களில் பலர் "ஆமாம், எங்க வீட்லயும்தான்" என்று எழுதினீர்கள். அந்த ஃபிளாட் ஓனருக்கு ஃபோன் போனது. வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா என்கிற வரைக்கும் பேச்சு வந்தது. கல்யாணம் ஆகாத பையன்களுக்கு நம் ஊரில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன்களில் ஒருவர் லேப்டாப்போடு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. எங்க லைன் வேற, உங்க லைன் வேற. தீபாவளி வாரம் நாங்க நாலு பேருமே ஊருக்குப் போயிட்டோம். அப்பவும் நெட் ஸ்லோன்னு நீங்க குரூப்ல போட்டிருந்தீங்க. ஒரு தடவை உங்க வீட்லயே பார்த்துடலாமா?" என்றார்.

பார்த்தோம். அரை மணி நேரத்தில் ஆள் பிடிபட்டுவிட்டது. அந்த ஆள் நான்தான்.

என் அண்ணன் பேத்தி கல்யாண வீடியோ 40 ஜிபி. மதுரையில் இருக்கிற அண்ணனுக்கும் மற்ற உறவுகளுக்கும் கிடைக்கட்டும் என்று ஒரு பகிர்வு ஃபோல்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும், பழைய விசேஷங்களின் வீடியோ கேசட்டுகளை மாற்றி வைத்திருந்த ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தால் ராத்திரி வரைக்கும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இன்டர்வியூ நடந்த அன்றும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் எதையும் டவுன்லோடு செய்யவில்லை. அதனால் நெட்டை உபயோகிக்கிறோம் என்கிற நினைப்பே எனக்கு இல்லை.

அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டதை, எனக்குத் தெரிந்த பழைய லைன் பாடத்தோடு சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

போகும் பாதை, வரும் பாதை

நெட் இணைப்புக்கு இரண்டு பாதைகள் உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்கு வருவது டவுன்லோடு. வீட்டிலிருந்து வெளியே போவது அப்லோடு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகத்தைத்தான். இப்போது வரும் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் இரண்டும் சமமாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் அளந்தபோது டவுன்லோடு விநாடிக்கு 100 மெகாபிட், அப்லோடு 10 மெகாபிட்.

40 ஜிபி என்பது 3,20,000 மெகாபிட். விநாடிக்கு 10 வீதம் போனால் 32,000 விநாடி. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரமும் எங்கள் வீட்டின் போகும் பாதை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"சரி, அப்லோடுதானே அடைத்தது? டவுன்லோடு ஏன் படுத்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்புவோமே, நினைவிருக்கிறதா? கடிதம் சேர்ந்ததும் கையெழுத்துப் போட்ட அட்டை நமக்குத் திரும்பி வரும். நெட்டிலும் பெரும்பாலான போக்குவரத்து அப்படித்தான் நடக்கிறது. ஒரு ஃபைல், 1,500 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வருகிறது. வழக்கமாக இரண்டு பாக்கெட் வந்ததும் "வந்து சேர்ந்தது" என்று நம் கருவி ஒரு ஒப்புகை அனுப்புகிறது. அந்த ஒப்புகை கிடைத்தால்தான் அந்தப் பக்கம் உள்ள சர்வர் மேற்கொண்டு அனுப்பும். ஒப்புகை மிகச் சிறியது. விநாடிக்கு 100 மெகாபிட் டவுன்லோடுக்கு 1 முதல் 2 மெகாபிட் அப்லோடு போதும். ஆனால் அது போவதும் அதே அப்லோடு பாதையில்தான். கல்யாண வீடியோவுக்குப் பின்னால் ஒப்புகை மாட்டிக்கொண்டால், அந்தப் பக்கத்து சர்வர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். டவுன்லோடு பாதை காலியாக இருந்தும் எதுவும் வராது.

இது தெரியாமல் நான் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். மாதம் கூடுதலாகப் பணம் கட்டி 50 மெகாபிட் திட்டத்திலிருந்து 100-க்கு மாறியிருந்தேன். அப்லோடு அதே 10-லேயே இருந்தது. பணம் போனதுதான் மிச்சம்.

லிஃப்ட் வாசலில் நிற்கும் கூட்டம்

இப்போது வீடியோ காலுக்கு வருவோம். நம் ஏ பிளாக்கில் யாராவது வீடு காலி செய்யும் நாளை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது மாடியில் லிஃப்ட் வாசலில் இருநூறு அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவிட்டார்கள். நீங்கள் கையில் ஒரே ஒரு கவரோடு கீழே போக வருகிறீர்கள். லிஃப்ட் பழுதாகவில்லை, வழக்கமான வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் விதி என்றால், இருநூறு பெட்டியும் இறங்கும் வரை நீங்கள் நிற்க வேண்டியதுதான்.

நம் வீட்டு மோடத்துக்குள் அப்படி ஒரு காத்திருப்பு இடம் இருக்கிறது. அதற்கு பஃபர் என்று பெயர். லேப்டாப் வை-ஃபை வழியாக மோடத்துக்கு மிக வேகமாக அனுப்பும். மோடம் வெளியே அனுப்புவது மெதுவாகத்தான். மிச்சமெல்லாம் பஃபரில் சேரும். அதன் அளவு 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மெகாபிட். விநாடிக்கு 10 வீதம் வெளியேற 0.8 விநாடி ஆகும். அதாவது, வீடியோ காலில் மருமகள் பேசிய ஒவ்வொரு சொல்லும் வீட்டை விட்டு வெளியேறவே முக்கால் விநாடிக்கு மேல் வரிசையில் நின்றது.

என் பழைய வேலையில் இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். 400-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் வாசலிலேயே 800 போய்விட்டது. ஒருவர் பேசி முடித்தாரா இல்லையா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். இன்டர்வியூவில் இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பதில் தெரியாமல் தடுமாறுவதாகத்தான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கும் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு இறங்கியது. ஏன் என்று ஆராய்ந்த வான் ஜேகப்சன் 1988-இல் ஒரு தீர்வை வெளியிட்டார். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைக்கும் இன்டர்நெட் ஓடுவது இந்த ஒழுங்கை வைத்துத்தான்.

பிறகு மெமரி சிப்புகள் மலிவாகிவிட்டன. மோடம், ரவுட்டர் எல்லாவற்றிலும் பெரிய பஃபர் வைத்தார்கள். ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் தொலைந்தால்தானே அனுப்புகிறவருக்கு நெரிசல் தெரியும்? தெரியாததால் அவர் முழு வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருப்பார், வரிசை நீண்டுகொண்டே போகும். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது இதைக் கவனித்தார். அவர் பிள்ளைகளும் "நெட் ஸ்லோ" என்று அவரிடம் புகார் சொன்னார்களாம். இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட், அதாவது பஃபர் ஊதிப்போன நோய், என்று பெயர் வைத்தார். அவ்வளவு பெரிய நிபுணர் வீட்டிலும் அதே கதைதான் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டாரண்ட் ஏன் இன்னும் மோசம்?

மூன்றாவது மாடி வீட்டில் நான்கு பேருக்கு ஒரே இணைப்பு. அவர்களுக்குள்ளும் இதே சண்டை நடந்திருக்கிறது. ஒருவர் டாரண்ட் போடுவார், இன்னொருவர் கேம் ஆடுவார், மூன்றாவது ஆள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். டாரண்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் சண்டை வருகிறது என்று புரியும்.

பிட்டாரண்ட் முறையை 2001-இல் பிராம் கோஹன் கொண்டுவந்தார். ஒரு பெரிய ஃபைலை ஒரே சர்வரிலிருந்து எல்லோரும் எடுப்பதற்குப் பதிலாக, அதைத் துண்டுகளாக்கி, எடுக்கிற ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ள துண்டுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கும்படி செய்தார். லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களை இப்படித்தான் இன்றும் பரப்புகிறார்கள். கருவியில் தப்பு இல்லை. புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக எடுப்பதுதான் காப்புரிமைச் சட்டப்படி குற்றம்.

நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, வாங்கும்போதே கொடுக்கவும் செய்கிறது. டவுன்லோடு செய்கிறோம் என்று நினைக்கிறோம், அப்லோடும் சேர்ந்து நடக்கிறது. ஃபைல் முழுவதும் வந்த பிறகும், நாம் நிறுத்தாவிட்டால், கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பத்து, ஐம்பது பேருடன் இணைப்பு வைக்கிறது. வான் ஜேகப்சன் சொன்ன ஒழுங்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஏறக்குறைய சம பங்கு கிடைக்கும். ஆளுக்குச் சமம் என்று அதில் கிடையாது. ரேஷன் கடை க்யூவில் ஒரே வீட்டிலிருந்து நாற்பது பேர் வந்து நின்றால் என்ன ஆகும்? யாரும் வரிசையை மீறவில்லை. ஆனால் ஒற்றை ஆளாக வந்த பாட்டிக்கு எப்போது முறை வரும்? மீட்டிங்கில் இருக்கும் பையனின் ஒரே ஒரு இணைப்புதான் அந்தப் பாட்டி.

மூன்றாவது, எந்தக் கருவி வெளியே யாரோடு பேசுகிறது என்று ரவுட்டர் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். மலிவான ரவுட்டரில் அந்தப் பட்டியலுக்கு இடம் குறைவு. நூற்றுக்கணக்கான இணைப்புகள் வந்தால் பட்டியல் நிரம்பிவிடும். புதிதாக ஒரு பக்கத்தைத் திறக்கப் போனால் திறக்காது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை.

இதை டாரண்ட் மென்பொருள் எழுதுகிறவர்களும் உணர்ந்தார்கள். லெட்பேட் என்றொரு முறை 2012-இல் இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. வரிசையில் தாமதம் கூடுகிறது என்று தெரிந்தால் அது தானே பின்வாங்கி மற்றவர்களுக்கு வழி விடும். இன்றைய டாரண்ட் மென்பொருள்கள் பலவற்றில் இந்த வழக்கம் இருக்கிறது. ஆக, ஒழுங்காக அமைத்த டாரண்ட், என் கல்யாண வீடியோவைவிட மரியாதையானது. அந்தப் பையன் இதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாரண்டே போடாத வீட்டிலும் சத்தமில்லாமல் ஏற்றுகிற ஆட்கள் உண்டு. ஃபோனில் எடுத்த போட்டோ, வீடியோக்களைத் தானாக கிளவுடுக்கு அனுப்பும் வசதி. கல்யாணத்துக்குப் போய்வந்த அன்று வீட்டில் நான்கு ஃபோனும் ஒரே சமயத்தில் ஏற்ற ஆரம்பிக்கும். கிளவுடுக்குப் படம் அனுப்பும் சிசிடிவி கேமரா, ராத்திரி பகல் பார்க்காது. விண்டோஸ் 10-இலும் 11-இலும் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் இறங்கிய அப்டேட்டை இன்டர்நெட்டில் உள்ள மற்றவர்களுக்குப் பகிரும் தேர்வு அதில் உண்டு. செட்டிங்ஸில் போய் அதை நிறுத்தலாம், அல்லது வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரரால் எவ்வளவு பாதிப்பு?

இந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நம் பிளாக்குக்கு வரும் ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கம். ஜிபான் என்னும் அந்த முறையில், எல்லோருக்கும் சேர்த்து கீழ்நோக்கி விநாடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1.25 கிகாபிட். எந்த வீட்டுப் பெட்டி எப்போது அனுப்பலாம் என்று எக்ஸ்சேஞ்ச் பக்கத்துக் கருவி நேரம் ஒதுக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் திட்டத்தின் உச்ச வரம்பும் உண்டு. அதனால் மூன்றாவது மாடியில் ஒரு வீடு தன் 100 மெகாபிட்டை முழுதாக உபயோகித்தாலும் என் வீட்டு இன்டர்வியூ நின்றுபோகாது.

பக்கத்து வீடு பாதிக்கும் இடங்களும் உண்டு. மொட்டை மாடியில் ஒரு ஸ்விட்ச் வைத்து அதிலிருந்து லேன் கேபிளாக இழுத்துத் தரும் இணைப்பில், மேலே போகும் லைன் சின்னதாக இருந்தால் மாலை நேரத்தில் எல்லோருக்கும் நெரிசல் வரும். அதை நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். இரண்டு ஃபிளாட் சேர்ந்து ஒரே இணைப்பைப் பகிர்ந்தால் அது ஒரே வீடு மாதிரிதான். அப்புறம் வை-ஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். நம் பிளாக்கில் முப்பதுக்கு மேல் ரவுட்டர்கள் இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்த இடிபாடு பெரிதும் குறையும். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு வை-ஃபையில் பெரிய ஃபைல் அனுப்பினாலும் மற்றவர்களுக்கு ஸ்லோவாகும், ஏனென்றால் அதே பாக்கெட் ரவுட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து இன்னொரு தடவை என்று காற்றில் இரண்டு முறை போகிறது. அதற்கு பென்டிரைவ் நல்லது, அல்லது கேபிள் போட்டுவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்தால் வேகம் காட்டும். அதில் கூடுதல் விவரம் கேட்கும் பொத்தானை அழுத்தினால் அப்லோடு வேகமும், லேட்டன்சி என்று இரண்டு எண்களும் வரும். அன்லோடட் என்பது லைன் சும்மா இருக்கும்போது ஆகும் தாமதம். லோடட் என்பது லைன் நிரம்பியிருக்கும்போது ஆகும் தாமதம். இரண்டுக்கும் வித்தியாசம் சில பத்து மில்லிவிநாடி என்றால் கவலை இல்லை. முதல் எண் 12, இரண்டாவது 900 என்று வந்தால் உங்கள் வீட்டிலும் லிஃப்ட் வாசலில் பெட்டிகள் அடுக்கும் பிரச்சினை இருக்கிறது. எங்கள் வீட்டில் வந்த எண்கள் இவையேதான்.

இரண்டாவதாக, ஏற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவற்றின் கம்ப்யூட்டர் செயலிகளில் அப்லோடு வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடம் இருக்கிறது. டாரண்ட் மென்பொருள்களிலும் உண்டு. நீங்கள் அளந்த அப்லோடில் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். வெளியே போகும் வேகத்தைவிட உள்ளே வரும் வேகம் குறைவாக இருந்தால் வரிசையே உண்டாகாது. நான் 8 மெகாபிட் என்று வைத்தேன். 40 ஜிபி ஏற ஒன்பது மணி நேரத்துக்குப் பதில் பதினோரு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரம்தான் கூடுதல். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த ஒரு எண்ணை அன்றைக்கே வைத்திருந்தால் இன்டர்வியூ ஒழுங்காக நடந்திருக்கும்.

மூன்றாவதாக, ரவுட்டரில் க்யூ.ஓ.எஸ் அல்லது எஸ்.க்யூ.எம் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.க்யூ.எம் உள்ள ரவுட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, முறை வைத்து அழைக்கும். நாற்பது பேர் வந்தாலும் பாட்டிக்கு உடனே முறை வரும். காத்திருப்பு அதிகமானால் ஒன்றிரண்டு பாக்கெட்டை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்புகிறவருக்கு "மெதுவாக வா" என்று சொல்லும். இதற்கு அடிப்படையான முறையை 2012-இல் வெளியிட்டவர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேகப்சனும். இதில் உங்கள் வேகத்தில் 90 சதவீதம் என்று கொடுத்தால் போதும்.

நான்காவது, இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். பெரிய ஃபைல் ஏற்றுவது ராத்திரி பதினொன்றுக்கு மேல். யாருக்காவது பரீட்சை, இன்டர்வியூ, டாக்டரோடு வீடியோ கால் என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் போட்டோ பேக்கப்பை அந்த ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கட்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் நேரத்தை எழுதி வைக்கிறோம். மோட்டார் போடும் நேரத்தைப் பற்றி நாம் பேசி முடிவு செய்யவில்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

கடைசியாக, நான் தீர்க்க வேண்டிய பாக்கி.

இன்றைய அஜெண்டாவில் ஐந்தாவது பொருளாக "வாடகைதாரர்கள் டாரண்ட் உபயோகிப்பதைத் தடை செய்வது" என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. அது என் புகாரின் மேல் வந்தது. அதை நான் திரும்பப் பெறுகிறேன். அந்த நான்கு பேரிடமும் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பழி சொன்னது நூற்றுப்பத்துப் பேர் இருக்கும் குழுவில். அதனால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் இருக்க வேண்டும். தம்பிகளே, என்னை மன்னித்துவிடுங்கள். ஓனரிடம் நானே ஃபோன் செய்து பேசிவிட்டேன்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை நெட் ஸ்லோ என்று குழுவில் எழுதுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எந்தக் கருவி எதை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து நிறுவனத்தைக் கேட்போம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்றாவது மாடித் தம்பிகள் இருவரும் நானும் மொட்டை மாடி ஹாலில் இருப்போம். அளந்து பார்க்கத் தெரியாதவர்கள், வரம்பு வைக்கத் தெரியாதவர்கள் லேப்டாப்பையோ ஃபோனையோ எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டு ரவுட்டரைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே வருகிறோம். காபி நான் வாங்கித் தருகிறேன்.

என் மருமகளுக்கு அடுத்த வாரம் இன்னொரு கம்பெனியில் இன்டர்வியூ இருக்கிறது. புதன்கிழமை காலை பதினொரு மணி என்று ஃபிரிட்ஜ் தாளில் எழுதியாகிவிட்டது. அன்று என் லேப்டாப் மூடியே இருக்கும்.